மெட்டு இல்லாத பனி

பாவடிப்பாளையத்தில் முதன்முதலாகப் பனி கிளம்பியது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் இரண்டு மணிக்கு, அர்த்தநாரியண்ணன் கொட்டகையில் தங்காயி ஓட்டிக்கொண்டிருந்த நாலு விசைத்தறிகளுக்கும் அடியிலிருந்து. அது கணுக்காலுக்கு ஏறி, முழங்காலுக்கு ஏறி, தறியில் நீட்டியிருந்த பாவு நூலை எட்டித் தொட்டுக்கொண்டு நின்றபோது, தங்காயி பயந்து ஓடவும் இல்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை, காலையிலிருந்து நூறு தடவை அறுந்த நூல் இப்போது ஏன் அறவில்லை என்று மட்டும் யோசித்தாள். யோசித்துவிட்டு ஓனரைக் கூப்பிட்டாள். விசைத்தறிச் சங்கத்துக்கே தலைவரான அர்த்தநாரியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பனிக்குள் ஒரு காலை விட்டுப் பார்த்தார், பிறகு இன்னொரு காலையும் விட்டுப் பார்த்தார், பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இது கரண்ட் எத்தன இழுக்குது?" என்பதுதான்.

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். வானத்திலிருந்து ஐராவதமே இறங்கி வந்தாலும், அதன் தும்பிக்கையால் நூல் கண்டைத் தூக்க முடியுமா என்று பார்ப்பார்கள். அதிலும் சித்திரை வெயிலில் காற்று காய்ந்தால் நூலும் காய்ந்து பட்பட்டென்று அறும். அதற்காகத் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்போம், ஜன்னலெல்லாம் ஈரச் சாக்கு கட்டுவோம், தெளித்த தண்ணீர் நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஊருக்கு, கேட்காமலே ஒரு பனி வந்து பாவுக்கு அடியில் படுத்துக்கொண்டால், அது எங்கிருந்து வந்தது என்பதை விட எத்தனை மணி வரை இருக்கும் என்பதுதானே பெரிய விஷயம்?

எங்கிருந்து வந்தது என்பதும் அன்று பொழுதோடு தெரிந்துவிட்டது. கொட்டகைகளில் நாள் முழுக்க ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும். இருபத்து நாலு தறி அடிக்கிற சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்காது, ஆனாலும் ஓடும், ஓடாவிட்டால் வேலைக்கு ஆள் நிற்காது. அன்றைக்கு மெமரி கார்டிலிருந்த சினிமாப் பாட்டெல்லாம் தீர்ந்து, அவற்றுக்குப் பின்னால் கிடந்த வேறொன்று ஓட ஆரம்பித்திருந்தது. அந்தக் கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தவன் நான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் நல்லசிவம் என்றால் ஊரில் யாருக்கும் தெரியும். பின்னால் கிடந்த அந்த வேறொன்று, காயில்கட்டு சென்னியப்பனுடையது.

சென்னியப்பனுக்கு என் வயதுதான், நாற்பத்தொன்று. கருகிப்போன மோட்டார்களுக்குப் புதுசாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். கல்யாணங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒரு ஆர்க்கெஸ்ட்ரா சண்டை போட்டுப் பிரிந்தபோது அவர்களுடைய சிந்தசைசரை வாங்கிக்கொண்டு வந்தவர், பதினொரு வருஷமாகக் கடையின் பின்னறையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தானே ஒரு அடுக்கு வாசித்து, அதைப் பதிவு செய்து, அதன்மேல் தானே இன்னொரு அடுக்கு வாசித்து, அதன்மேல் இன்னொன்று என்று, ஒற்றை ஆளாக ஆல்பம் ஆல்பமாகச் செய்துகொண்டிருந்தார். எந்த ஆல்பத்திலும் ஒரு வார்த்தை கிடையாது, பாடுகிறவர் கிடையாது, தபேலா கிடையாது. கொட்டகையில் ஓடியதற்கு அவர் வைத்திருந்த பேர் 'பஸ் போகாத மலை'. இத்தனைக்கும் அவர் பஸ் போகிற மலைக்கே போனதில்லை.

அது எப்படி இருக்கும் என்றால், முதலில் ஒரே ஒரு சத்தம் வந்து நிற்கும். நிற்கும் என்றால் உண்மையிலேயே நிற்கும், எங்கேயும் போகாது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு அடியில் தரை மாதிரி ஒன்று விரியும், நீங்கள் மூச்சை மெதுவாக விட ஆரம்பித்திருப்பீர்கள், விட ஆரம்பித்ததே உங்களுக்குத் தெரியாது. இப்படியே ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். அதற்கப்புறம்தான் ஒரு மெட்டு வரும். ஆனால் இதை நான் இப்போது தெரிந்துகொண்டு சொல்கிறேன். அப்போது எனக்கு முதல் மூன்று நிமிஷம் மட்டும்தான் தெரியும், ஏனென்றால் ஊரில் எல்லோரையும் போல நானும் மூன்றாவது நிமிஷத்தில், "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தியவன்தான்.

"பாட்டு ஆரம்பிச்சு மூணு நிமிசம் ஆச்சு, நல்லசிவம்," என்றார் சென்னியப்பன். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு ஆசை, அதை அவர் என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: யாராவது ஒருத்தர் ஒரே ஒரு ஆல்பத்தை, நடுவில் எழுந்து போகாமல், முதலிலிருந்து கடைசி வரை கேட்கவேண்டும். ஏழு உருப்படி, நாற்பத்தாறு நிமிஷம். அங்கன்வாடி டீச்சரான அவர் சம்சாரம் ருக்குமணி பதினோராவது நிமிஷம் வரை வந்திருக்கிறார்கள், அதுதான் ஊரிலேயே அதிகம். "நல்லாத் தூக்கம் வந்துதுங்க," என்று பாராட்டாகவே சொன்னார்களாம். சென்னியப்பனைப் பார்க்கப் பாவமாக இருந்ததால்தான், யாரும் கேட்காமலே, நான் ஏற்றிக் கொடுக்கிற கார்டுகளின் வாலில் எல்லாம் அந்த ஆல்பத்தைச் சொருகிவிட்டுக்கொண்டிருந்தேன்.

சித்திரை முடிவதற்குள் எண்பது கொட்டகையிலும் சென்னியப்பன் ஓடினார். முதல் உருப்படிக்கு வரும் பனி லுங்கி நூலுக்கு அளவாக இருக்கிறது என்றும், இரண்டாவது துண்டுக்குத் தோது என்றும், நாலாவதைப் போட்டால் பக்கத்துத் தறியில் நிற்கிற ஆளே தெரியாது, அதனால் மேஸ்திரி இல்லாதபோது மட்டும் போடலாம் என்றும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அப்பளம் போடுகிறவர்கள் சங்கத்துக்கு வந்து சண்டை போட்டார்கள். காலை பதினொரு மணி வரை அப்பளம், அதற்கப்புறம் பனி என்று பேசி முடித்தார்கள். துவைத்த துணி காயவில்லை என்று ஒரு தெருவே திரண்டு வந்தது, அந்தத் தெருவுக்கு மூன்றாவது உருப்படி கிடையாது என்று முடிவானது. பால்வாடிப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பனிக்குள் ஓடிப் பனியைத் தின்றன, தின்றதற்குச் சோறு குறையவில்லை, அதனால் அம்மாக்கள் விட்டுவிட்டார்கள். வேர்க்குரு போயே போய்விட்டது. மாரியம்மன் கோவில் பூசாரி மட்டும், வெயில் காலத்தில் அம்மனுக்குக் குளிர்ச்சி நல்லதுதானே என்று, ஐந்தாவது உருப்படியை என்னிடம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மொத்த ஆல்பத்துக்கும் ஈரப் பாட்டு என்று பேரும் வைத்துவிட்டார்கள். எங்கே போனாலும் ஈரப் பாட்டு. ஒருவரும் கேட்காத ஈரப் பாட்டு.

சென்னியப்பன் முதலில் சந்தோஷப்பட்டார். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிற சாக்கில் தெருத் தெருவாக நடப்பார், எந்தச் சந்தில் திரும்பினாலும் தறிச் சத்தத்துக்கு அடியில் தன்னுடைய சத்தம் நூலிழையாக வருகிறதா என்று காதைக் கொடுப்பார். ஒரு வாரத்திலேயே அவருக்கு ஒன்று உறைத்தது. எந்தக் கொட்டகையிலும் மெட்டு வருவதில்லை. மெட்டு வருகிற நேரத்துக்குச் சரியாக யாராவது வந்து, பாட்டைத் திரும்ப முதலுக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

காரணம் இருந்தது. பனி வருவது அந்த நிற்கிற சத்தத்துக்கு. மெட்டு ஆரம்பித்தால் பனி எழுந்துகொள்ளும். எழுந்து, தறிகளுக்கு நடுவில் மெட்டு போகிற பக்கமெல்லாம் போய், வாசலுக்கு வந்து, படியிறங்கி, ரோட்டைத் தாண்டி எங்கேயோ போய்விடும், உருப்படி முடியும்போது தரை துடைத்த மாதிரி இருக்கும். நூல் பதமாகிற நேரம் பார்த்து இது போய்விடுகிறதே என்று ஓனர்களுக்கு வயிற்றெரிச்சல். ஆறு நிமிஷத்துக்கு ஒரு தரம் தறியை விட்டு ஓடி ஓடிப் பாட்டைத் திருப்ப ஆளும் இல்லை.

வைகாசி முதல் வாரத்தில் அர்த்தநாரியண்ணன் சங்க ஆட்கள் நாலு பேரோடு காயில் கடைக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"சென்னியப்பா, நீ பண்ணியிருக்கறது ஊருக்கே ஒவகாரம். அதுல ஒரு சின்னத் தொந்தரவு. அந்த டீயூனு மட்டும் வேண்டாம். எடுத்துப் போடு."

"எதுங்கண்ணா?"

"அதான், அஞ்சாறு நிமிசங் கழிச்சு ஒண்ணு வருதல்ல, இழுத்துட்டுப் போற மாதிரி. அது இல்லாம, மொதல்ல வர்றதே ஒரு நாள் பூராவும் வர்ற மாதிரி பண்ணிக் குடு."

சென்னியப்பன் கையிலிருந்த கம்பியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "அதுக்குத்தானுங்கண்ணா மத்ததெல்லாம். அது வர்றதுக்குத்தான் எல்லாரும் காத்துட்டு இருக்கறது."

"ஆரு காத்துட்டு இருக்கறா?" என்று அர்த்தநாரியண்ணன் உண்மையாகவே கேட்டார். சென்னியப்பன் அடுத்த சுற்றைச் சுற்றினார். எனக்குத்தான் சுருக்கென்றது.

பேசிப் பேசி ஒரு பேரத்துக்கு வந்தார்கள். மெட்டை எடுத்துக் கொடுத்தால், ஆடி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஊரையே உட்கார வைத்து, சென்னியப்பனின் புது ஆல்பத்தை, ஏழு உருப்படியையும், மெட்டோடு, கடைசி வரை கேட்கச் செய்வது, கதவைச் சாத்திவிடுவது, முன் வரிசையில் அர்த்தநாரியண்ணனே உட்காருவது. சென்னியப்பன் அரை நாள் யோசித்தார். பதினொரு வருஷத்து ஆசையைக் கண்ணுக்கு முன்னால் தட்டில் வைத்து நீட்டினால் மனுஷன் என்ன செய்வான்? மெட்டை எடுத்தார். எடுத்துக் கொடுத்த அன்று என் கடையில் உட்கார்ந்து, "பாடையில வெச்ச மாதிரி இருக்குது, நல்லசிவம்," என்று மட்டும் சொன்னார்.

மெட்டு இல்லாத அந்தப் பதிவை ஒரு திங்கட்கிழமை காலை எண்பது கொட்டகையிலும் போட்டார்கள். பனி வந்தது. முழங்காலில் நின்றது. மத்தியானமும் நின்றது. ஒரு நூல் அறவில்லை. அர்த்தநாரியண்ணன் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் ஸ்பீக்கரை நிறுத்தினார்கள்.

பனி போகவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்றாம் நாள் பனி இடுப்புக்கு வந்திருந்தது, ஐந்தாம் நாள் கூரைக்கு. நூலுக்குப் போட்ட கஞ்சி புளித்தது, நெய்து அடுக்கிய லுங்கிகளில் பூசணம் பூத்தது, குறுக்கே ஊடை நூலை ஓட்டுகிற நாடா துருவேறித் திக்கியது, தீப்பெட்டியில் ஒரு குச்சி பற்றவில்லை. ஃபேன் போட்டால் பனி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. ஊர் எல்லைக்கு வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து வேர்க்க விறுவிறுக்க இறங்குகிறவர்கள் நாலு எட்டு வைப்பதற்குள் தும்முவார்கள். ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டு, யாரென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டு, குரலை வைத்துப் பேர் கண்டுபிடித்து, நின்று சௌக்கியம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இருபது வருஷம் பேசாமலிருந்த பங்காளிகள் இரண்டு பேர் யாரென்று தெரியாமலே அரை மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டார்கள். இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பதாம் நாள் தறிகள் பாதிக்கு மேல் நின்றுவிட்டன. பால்வாடியில் மூன்று பிள்ளைகளுக்கு மூச்சிளைப்பு வந்தது, ருக்குமணி டீச்சர் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு ஊர் எல்லை தாண்டி வெயிலில் போய் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கதவோரம் நின்றிருந்த தங்காயிதான் சத்தமாகச் சொன்னாள்:

"ஏனுங்க, பெரிய மனுசங்க நீங்களே இப்பிடிப் பண்ணலாமுங்களா? வெறும் பாவை மட்டும் நீட்டி உட்டுட்டு ஊடையே ஓட்டாம இருந்தா அது துணியாகுமா? அந்த டீயூனுதானுங்க ஊடை. அதைப் புடுங்கிப் போட்டுட்டீங்க. போன்னு சொல்ல ஆளில்லாம அது நின்னுட்டு இருக்குது."

தலைமுறை தலைமுறையாகத் துணி நெய்கிற ஊர். ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. அர்த்தநாரியண்ணன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தரை தெரியாததால் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லவேண்டும்.

பழைய ஆல்பத்தைப் போட்டுப் பார்த்தோம், பனி அசையவில்லை. முழங்கால் அளவில் இருந்தவரை கேட்ட மெட்டு, கூரை வரை தடித்துப்போன பிறகு, ஓடிக்கொண்டிருந்த மிச்சத் தறிகளின் சத்தத்தில் அதற்குக் கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டுப் போட்டால் லேசாகப் புரண்டு படுத்தது, அவ்வளவுதான். "அது ரெக்கார்டுக்கு எந்திரிக்காதுங்க. கையில வாசிக்கோணும்," என்றார் சென்னியப்பன். "எங்கயும் ஒரு தறி ஓடக்கூடாது. புது ஆல்பத்தை வாசிக்கறேன். ஏழும்."

பதினொன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பாவடிப்பாளையத்தில் எல்லாத் தறிகளும் நின்றன. பொங்கலுக்குக்கூட எங்கேயோ ஒரு தறி ஓடும் ஊர் இது. சத்தம் நின்றதும் எங்களுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது, சில பேர் காதைக் குடைந்துகொண்டார்கள். மாரியம்மன் கோவிலுக்கு எதிரே, அந்தக் காலத்தில் பாவு நீட்டிக்கொண்டிருந்த நீளமான பாவடித் திடலில், ஒரு பெஞ்சின்மேல் சிந்தசைசரை வைத்து, நான்கு பெரிய ஸ்பீக்கரைக் கட்டி, சென்னியப்பன் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி ஊரே வந்திருந்தது. அவருக்கு அது தெரியாது, பத்தடியில் நின்ற என்னையே அவருக்குத் தெரியாது. எல்லாம் வெள்ளை.

முதல் சத்தம் வந்து நின்றது. மூன்றாவது நிமிஷத்தில் யாரோ, "பாட்டு எப்பங்க…" என்று ஆரம்பிக்க, நாலு பேர் சேர்ந்து உஸ்ஸென்றார்கள். நாங்கள் நின்றோம். வேறு வழியில்லாமல் நின்றோம். ஆறாவது நிமிஷம் மெட்டு வந்தது.

அதை எப்படிச் சொல்வது? ரொம்பச் சாதாரண மெட்டு. ஐந்தாறு சுரம். ஒரு பிள்ளைகூடத் திரும்ப முணுமுணுத்துவிடும். ஆனால் அவ்வளவு நேரம் அந்த நிற்கிற சத்தத்துக்குள் காத்திருந்துவிட்டு அதைக் கேட்டபோது, வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு ஆள் தெருக்கோடியில் திரும்பி வருகிற மாதிரி இருந்தது எனக்கு. பாடுகிறவர் இல்லாததால் அது யாருடைய துக்கம் என்று தெரியவில்லை, யாருடையதாகவும் இருக்கலாம், அதனால் என்னுடையதாக எடுத்துக்கொண்டேன். நான் அழுதேன். இத்தனை வருஷம் இந்த மனுஷனைப் பாவம் பார்த்து வாலில் சொருகிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

பனி எழுந்தது. முதல் உருப்படியில் வீட்டுக் கூரைகளை விட்டு இறங்கியது, இரண்டாவதில் தெருக்களை விட்டது, மூன்றாவதில் எங்கள் தோளுக்கு வந்தது, நாலாவதில் முழங்காலுக்கு. ஐந்தாவது முடிகையில் கடைசிக் கற்றையும் கோவிலைச் சுற்றிக்கொண்டு காவிரிப் பக்கம் போய்விட்டது. வெயில் பளீரென்று அடித்தது. எங்கள் ஈரச் சட்டைகளிலிருந்து ஆவி பறந்தது.

ஊருக்கு ஆகவேண்டிய வேலை அதோடு முடிந்தது. பாக்கி இரண்டு உருப்படி.

சென்னியப்பன் ஆறாவதின் முதல் சத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார். இப்போது ஒவ்வொரு முகமும் அவருக்குத் தெரிந்தது, யார் யார் கிளம்புகிறார்கள் என்பதும் தெரிந்தது. அப்பளக்காரர்கள் கிளம்பினார்கள், வெயில் வந்துவிட்டதல்லவா. ஓனர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நழுவினார்கள். பதினோரு நாள் நஷ்டம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பத்துப் பேர், இருபது பேர் போனார்கள். எங்கேயோ ஒரு கொட்டகையில் ஒரு தறி அடிக்க ஆரம்பித்தது. சென்னியப்பனின் வலது கை மெட்டுக்காகத் தூக்கியபடியே நின்றது, கீழே இறங்கவில்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்த அர்த்தநாரியண்ணன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தறிச் சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கத்தினார்:

"ஆர்ரா அவன் தறி ஓட்டறவன்? நிறுத்துடா! இங்க மனுசன் வாசிச்சுட்டு இருக்கறது தெரியல?"

கத்திவிட்டுத் திரும்பவும் மண்ணில் உட்கார்ந்தார். தறி நின்றது. சென்னியப்பனின் கை இறங்கியது.

கடைசி இரண்டு உருப்படிக்கும் ஒன்றும் வரவில்லை. பனி வரவில்லை, மழை வரவில்லை, ஒரு காற்றுகூட அடிக்கவில்லை. வெறும் பாட்டு. ஏதாவது வரும் என்று முதலில் சுற்றும் முற்றும் பார்த்த தங்காயி, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். போன அப்பளக்காரர்களில் இரண்டு பேர் மாவுக் கையோடு திரும்பி வந்து ஓரமாக நின்றார்கள். நாற்பத்தாறாவது நிமிஷத்தில் கடைசிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாமல் நின்றது. யாரும் கை தட்டவில்லை, தட்டவேண்டும் என்று தோன்றவில்லை.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள் தங்காயி.

"முடிஞ்சுதுங்க," என்றார் சென்னியப்பன்.

அர்த்தநாரியண்ணன் மண்ணில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மொதல்ல இருந்து இன்னொருக்கா வாசி."

"ஏனுங்கண்ணா, மறுக்காவும் பனி வந்துருமல்லங்க?" என்று பின்னாலிருந்து யாரோ பதறினார்கள்.

"வந்தா வந்துட்டுப் போகுது."

சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு கையையும் உதறிவிட்டுச் சொன்னார், "கை கடுக்குதுங்கண்ணா. ஒரு டீ குடிச்சுட்டு வாசிக்கறனுங்க."

டீ வந்து சேர அரை மணி ஆனது. அதுவரைக்கும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை.